கொன்றது யாருன்னு தெரிஞ்ச பிறகும் முடியாத மர்மம்: ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ படத்தின் கதையும் கிளைமாக்ஸும் - முழு விளக்கம்

வாசலில் தொங்கும் ஸ்டார், குடில், நள்ளிரவுப் பூசை, கேக், பக்கத்து வீட்டுக்குப் போகும் பிரியாணி. கிறிஸ்துமஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இதெல்லாம்தான். அந்த ராத்திரியில் ஒரு வீட்டின் ஹாலில் பிணம் கிடந்தால்? அதைப் பார்த்த ஒரே ஆள் போலீசுக்குப் போகவே முடியாத ஆளாக இருந்தால்?

இந்த இரண்டு கேள்விகளை வைத்து எடுக்கப்பட்ட படம்தான் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’. ஸ்ரீராம் ராகவன் இயக்கத்தில் விஜய் சேதுபதியும் கத்ரீனா கைஃபும் நடித்து, தமிழிலும் இந்தியிலும் 2024 ஜனவரி 12 அன்று வெளியானது.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் டிசம்பர் கடைசி வாரம் ஒரே கலகலப்பாக இருக்கும். குமுளி சாலையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டும். ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி பக்கம் தேவாலயங்கள் விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும். சின்னமனூர் பக்கத்தில் இருக்கிற மார்க்கையன்கோட்டை மாதிரி ஊர்களுக்கு, வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் லீவுக்கு வந்திருப்பார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனை எடுத்து, ‘நல்ல த்ரில்லர் ஏதாவது இருக்கா’ என்று தேடுகிறவர்கள் கண்ணில் இந்தப் படம் படாமல் போகாது.

பார்த்து முடித்தவர்கள் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “கடைசியில என்னதான் ஆச்சு?”

அதற்கான விளக்கம் இது. (எச்சரிக்கை: படத்தின் முடிவு வரை இதில் சொல்லப்பட்டிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

கம்பம் பள்ளத்தாக்குக்கும் இந்த ஹீரோவுக்கும் என்ன சம்பந்தம்?

விஜய் சேதுபதி முதன்முதலில் நாயகனாக நடித்த படம், சீனு ராமசாமி இயக்கிய ‘தென்மேற்குப் பருவக்காற்று’. தேனி வட்டாரத்து ஆட்டுக்காரர் வாழ்க்கையைச் சொன்ன அந்தப் படம் 2010 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் திரைக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. அப்புறம் 2018இல், இதே மலையடிவாரத்துக் கூலித் தொழிலாளர்களின் கதையான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தை அவர் தயாரித்தார்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சினிமாவுக்கு வருவதற்கு முன் விஜய் சேதுபதி துபாயில் கணக்கர் வேலை பார்த்தவர். ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ படத்தில் அவர் நடித்த ஆல்பர்ட் ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொல்வது, “துபாயில் இருந்தேன்” என்பதுதான். அது பொய் என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

கதை என்ன?

மும்பைக்கு ‘பம்பாய்’ என்று பெயர் இருந்த காலம். அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக மாறியது 1995இல். ஆக, கதை அதற்கு முன்னால் நடக்கிறது. செல்போன் கிடையாது, சிசிடிவி கிடையாது. ஒருவர் எங்கே இருந்தார் என்பதற்கு இன்னொரு மனுஷர் சொல்வதுதான் சாட்சி. கதையின் முடிச்சுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஏழு வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆல்பர்ட் ஊர் திரும்புகிறார். அம்மா இறந்துவிட்டார். வீடு காலி. ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும்போது தனியாக உட்கார முடியாமல் வெளியே கிளம்புகிறார். ஒரு ரெஸ்டாரண்டில் மரியாவைச் சந்திக்கிறார். கூட அவருடைய சின்ன மகள் ஆனி. குழந்தை பேசுவதில்லை.

அந்தச் சந்திப்பு சினிமா தியேட்டருக்கும், அங்கிருந்து மரியாவின் வீட்டுக்கும் நீள்கிறது. வீடு இருக்கிற கட்டடத்திலேயே ஒரு பேக்கரி. குழந்தை தூங்கியதும் இருவரும் பேசுகிறார்கள், ஆடுகிறார்கள், கொஞ்ச நேரம் வெளியே போய் வருகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் மரியாவின் கணவர் ஜெரோம் குண்டடிபட்டு இறந்து கிடக்கிறார்.

மரியா போலீஸைக் கூப்பிடப் பார்க்கிறார். அப்போதுதான் ஆல்பர்ட் உண்மையைச் சொல்கிறார். ஏழு வருஷம் இருந்தது துபாயில் இல்லை, ஜெயிலில். காதலித்த பெண்ணைக் கொன்ற வழக்கு. அப்படிப்பட்ட ஆள் ஒரு பிணத்துக்குப் பக்கத்தில் நின்றால் போலீஸ் என்ன நினைக்கும்? தன் தடயங்களைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மரியாவும் குழந்தையும் தேவாலயத்துக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே போகிறார். அங்கே மரியா மயங்கி விழ, ரோனி என்ற இன்னொருவரும் உதவிக்கு வருகிறார். எல்லோரும் அதே வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். கதவைத் திறந்தால் அதே ஹால், அதே அலங்காரம். பிணத்தை மட்டும் காணோம்!

பிணம் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. மாறியது வீடுதான்.

ஒரே கட்டடத்தில், ஒரே மாதிரி அலங்கரிக்கப்பட்ட இரண்டு தளங்கள். முதலில் ஆல்பர்ட் உட்கார்ந்து குடித்ததும் பேசியதும் ஒன்றில். பிணத்தைப் பார்த்தது இன்னொன்றில். இரண்டும் ஒரே இடம் என்று அவர் நம்பினார், நாமும் நம்பினோம்.

கொலையைச் செய்தது மரியா. கணவர் தன்னையும் மகளையும் கொடுமைப்படுத்தியதுதான் காரணம். அந்தச் சாவு தற்கொலை மாதிரி தெரிய வேண்டும். அது நடந்த நேரத்தில் தான் வேறொருவர் கண்முன்னே இருந்ததாகச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ராத்திரி மரியா தேடியது காதலனை இல்லை, ஒரு சாட்சியை. அதற்குப் போய்ச் சிக்கிய ஆள் சாட்சிக் கூண்டில் ஏறவே முடியாத ஆல்பர்ட்.

படம் ஆரம்பிக்கும்போதே இதற்கு ஒரு துப்பு இருக்கிறது. திரை இரண்டாகப் பிரிந்து இரண்டு மிக்சிகள் ஓடும். ஒன்றில் சமையல் பொடி, இன்னொன்றில் மாத்திரைகள். அந்தக் காட்சிக்கு அர்த்தம் கடைசியில்தான் புரியும்.

ஏன் கிறிஸ்துமஸ் ராத்திரி?

‘படத்துக்குக் கலர்ஃபுல்லா இருக்கும்னு வெச்சிருப்பாங்க’ என்று நினைத்தால் அது தப்பு. பண்டிகையை எடுத்துவிட்டால் இந்தக் கதை நடக்கவே நடக்காது.

முதல் காரணம், தனிமை. மற்ற நாளில் தனியாக இருப்பது பெரிய விஷயமில்லை. பண்டிகை நாளில் தனியாக இருக்கிறவர் முன்பின் தெரியாதவரிடமும் பேசிவிடுவார். ஆல்பர்ட்டும் மரியாவும் அறிமுகமாவதற்கு அதுதான் வழி.

இரண்டாவது, நடமாட்டம். நடுராத்திரியில் ஒரு பெண் குழந்தையோடு தெருவில் போனால் சாதாரண நாளில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸ் இரவில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருமே கோவிலுக்குத்தான் போகிறார்கள்.

மூன்றாவது, சத்தம். பட்டாசும் பாட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும் ராத்திரியில் துப்பாக்கிச் சத்தத்தை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

நான்காவது, தேவாலயம். நூறு பேர் பார்க்கிற இடம். சாட்சி வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

துப்பறியும் கதைகள் கிறிஸ்துமஸைத் தேடிப் போவது புதுசும் இல்லை. ஆர்தர் கோனன் டாயில் 1892இல் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில், காணாமல் போன நீலக்கல் கிறிஸ்துமஸ் வாத்தின் வயிற்றுக்குள் இருக்கும். அகதா கிறிஸ்டி 1938இல் எழுதிய நாவலில், பண்டிகைக்காகக் கூடிய குடும்பத்துக்குள் கொலை நடக்க, பாய்ரோ வந்து துப்பறிவார். 1947இல் வந்த ‘லேடி இன் தி லேக்’ என்ற ஹாலிவுட் படத்தில் துப்பறிவாளர் மார்லோவின் கேஸ் முழுக்க கிறிஸ்துமஸ் நாட்களிலேயே நடக்கும்.

சிரித்த முகத்தோடு எல்லோரும் கூடுகிற நாளில்தான் உள்ளே புழுங்கிக்கொண்டிருப்பது வெடிக்கும். இந்தக் கதைகள் எல்லாம் பிடித்துக்கொண்ட நூல் அதுதான்.

மூலக்கதை எங்கிருந்து வந்தது?

பிரான்ஸிலிருந்து. பிரெடெரிக் டார் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1961இல் எழுதிய சின்ன நாவல் இது. அதன் தலைப்புக்குத் தமிழில் ‘சரக்கு லிஃப்ட்’ என்று அர்த்தம். தலைப்பிலேயே துப்பு இருக்கிறது. அங்கே ஒரு தளத்தை இன்னொரு தளம் என்று நம்ப வைப்பதற்கு அந்த லிஃப்ட்தான் உதவும். மறு வருஷமே, 1962இல், பிரான்ஸில் அது படமாகவும் வந்தது.

ஸ்ரீராம் ராகவனுக்கு பிரெஞ்சுக் கதையைப் பிடித்துக்கொண்டு வந்து நம்ம ஊர்க் கதையாக்குவது கைவந்த கலை. அவருடைய ‘அந்தாதுன்’ (2018) படத்துக்கும் ஒரு பிரெஞ்சுக் குறும்படம்தான் விதை. சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய அதுதான் தமிழில் பிரசாந்த் நடித்த ‘அந்தகன்’ (2024). ராகவனின் ‘ஜானி கத்தார்’ (2007) படமும் ‘ஜானி’ என்ற பெயரில் பிரசாந்த் நடிப்பில் தமிழுக்கு வந்தது.

‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ அப்படி ரீமேக் ஆகவும் இல்லை, டப்பிங்கும் இல்லை. இரண்டு மொழியிலும் தனித்தனியாக எடுக்கப்பட்டது. நாயகன், நாயகி மட்டும் அதே ஆட்கள். இந்தியில் வினய் பாதக் செய்த போலீஸ் அதிகாரி வேடத்தைத் தமிழில் செய்தவர் சண்முகராஜன். இந்தியில் பிரதிமா காஸ்மி நடித்த பெண் போலீஸாகத் தமிழில் வருவது ராதிகா சரத்குமார். சஞ்சய் கபூரின் இடத்தில் கெவின் ஜெய் பாபு. தின்னு ஆனந்த் நடித்த பக்கத்து வீட்டுப் பெரியவராக, 2025 மே மாதம் மறைந்த நடிகர் ராஜேஷ். கத்ரீனா கைஃபுக்கு இதுதான் முதல் தமிழ்ப் படம்.

பொங்கல் வாரத்தில் ‘கேப்டன் மில்லர்’, ‘அயலான்’, ‘மிஷன் சாப்டர் 1’ ஆகிய படங்களும் அதே ஜனவரி 12 அன்று வந்தன. அந்த நெரிசலில் தியேட்டரில் இதைத் தவறவிட்டவர்கள் நிறைய. மார்ச் 8 முதல் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகுதான் பலர் பார்த்தார்கள்.

கிளைமாக்ஸில் ஆல்பர்ட் என்ன செய்கிறார்?

வழக்கமான துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று தெரிந்ததும் ‘சுபம்’ போட்டுவிடுவார்கள். இங்கே அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வியே வருகிறது: தண்டனையை யார் சுமப்பது?

போலீஸ் ஒவ்வொரு துப்பாகக் கோத்து மரியாவை நெருங்குகிறது. மரியா பிடிபட்டால் ஆனிக்கு யாரும் இல்லை. கடைசி நிமிடங்களில் வசனம் ஏறக்குறைய இல்லை. எல்லாமே பார்வைதான். போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆல்பர்ட் ஒரு மோதிரத்தை எடுத்து மரியாவின் விரலில் போடுகிறார்.

பார்க்கிறவர்களுக்கு அது காதல். போலீஸுக்கு அது ‘நோக்கம்’. இவர்கள் இருவரும் ஏற்கெனவே பழகியவர்கள், கணவன் இடைஞ்சலாக இருந்தான், ஜெயிலுக்குப் போய் வந்தவன் கொன்றுவிட்டான். இப்படி ஒரு கதையை, வாயே திறக்காமல் ஆல்பர்ட் போலீஸ் கையில் கொடுத்துவிடுகிறார். ஒருமுறை ஒரு பெண்ணின் உயிரை எடுத்தவர், இந்த முறை ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் தன் மிச்ச வாழ்க்கையைக் கொடுக்கிறார். அடுத்தவர் பாவத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்வது என்ற எண்ணம் கிறிஸ்துமஸ் தினத்தில் வந்து சேர்வது தற்செயல் இல்லை.

அதே சமயம், காதலியைக் கொன்ற ஒருவரை ஒரே இரவில் தியாகியாக்கிவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. படம் அதற்குப் பதில் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறது.

நிஜத்தில் இது செல்லுமா?

சினிமாவில் மோதிரம் போட்டதும் கதை முடிந்துவிடுகிறது. சட்டம் அவ்வளவு சுலபமாக முடியாது.

போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னாலும், அந்த ஒப்புதலை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் பிரிவு 25 அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 23ம் அதையே சொல்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால், யாருடைய கட்டாயமும் இல்லாமல் சொன்னால்தான் அதற்கு மதிப்பு. ஆக, தடயங்களும் சாட்சிகளும் தனியாகப் பேச வேண்டும்.

குற்றவாளியைக் காப்பாற்றத் தடயத்தை அழிப்பதும் பொய்த் தகவல் கொடுப்பதும் தனிக் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 201, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 238.

மரியாவின் நிலை இதைவிடச் சிக்கல். திடீரென்று வந்த கடும் ஆத்திரத்தில் நடந்தால் அது கொலை ஆகாது, அதைவிடக் குறைந்த குற்றம் என்று ஒரு விதிவிலக்கு சட்டத்தில் உண்டு. ஆனால் ‘திடீரென்று’ என்பதற்கு என்ன அர்த்தம்? இதற்குப் பதில் சொன்ன பெரிய வழக்கும் பம்பாயில் நடந்ததுதான். 1959இல் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகியவரைச் சுட்டுக் கொன்றார். மனைவி விஷயத்தைச் சொன்னதற்கும் சுட்டதற்கும் நடுவில் ஆத்திரம் தணியப் போதுமான நேரம் இருந்தது, அதனால் விதிவிலக்கு பொருந்தாது என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல நாள் யோசித்து இரண்டு தளங்களை ஒரே மாதிரி அலங்கரித்த மரியாவுக்கு, அந்த அளவுகோலில் இடமே இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் இன்னொரு பக்கமும் திரும்பியிருக்கிறது. கணவனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கு 1989இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நல்லதங்காள் கதையையே எடுத்துச் சொன்ன நீதிமன்றம், நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் கொடுமையையும் ஒரு தூண்டுதலாகப் பார்க்க முடியும் என்று ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்திலும் கணவனைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கிரண்ஜித் அலுவாலியா, 1992இல் மேல்முறையீட்டுக்குப் பிறகு விடுதலையானார். வருஷக்கணக்காக அடி வாங்கியவரின் மனநிலையை நீதிமன்றங்கள் கணக்கில் எடுக்கத் தொடங்கிய காலம் அது.

மரியாவுக்கு அன்றைக்கு வேறு வழி இருந்ததா?

படம் நேரடியாகக் கேட்காத கேள்வி இது. ஆனால் பார்க்கிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்.

கதை நடக்கும் காலத்தில், கணவனின் கொடுமைக்கு எதிராக 498ஏ என்ற பிரிவு இருந்தது. 1983இல் வந்த அது கணவனை ஜெயிலுக்கு அனுப்பலாம். ஆனால் வழக்கு நடக்கும்வரை அந்தப் பெண் எங்கே தங்குவது, குழந்தை யாரிடம் இருப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில், அடிக்கிறவர் நெருங்கக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும், அங்கே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். பராமரிப்புத் தொகையும், குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவும் கேட்கலாம். இதற்கென்று மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் உண்டு. மரியா இன்றைக்கு இருந்திருந்தால், இரண்டு தளத்தை அலங்கரிப்பதற்கு முன்னால் தட்டிப் பார்க்க ஒரு கதவாவது இருந்திருக்கும்.

கதவு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. உடனடி ஆபத்து என்றால் 112. கிறிஸ்துமஸ் ராத்திரியிலும் இந்த எண்களில் அழைக்கலாம்.

பார்க்கலாமா?

முதல் பாதி மெதுவாகத்தான் போகும். இருவர் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். போனை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பேச்சிலும் ஒரு பொய் ஒளிந்திருப்பது பிடிபடும். தனியாக ஒரு துப்பறிவாளர் இந்தப் படத்தில் கிடையாது. அந்த வேலை நம்முடையது.

இரண்டாம் தடவை பார்த்தால் இன்னொன்றும் தெரியும். படம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆனிதான், அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு முதல் சாட்சி. ஒரு குழந்தை ஏன் பேசுவதை நிறுத்தியது என்று அந்தத் தெருவில் யாராவது முன்பே கேட்டிருந்தால், அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி வேறு மாதிரி விடிந்திருக்கும்.